தனியறை இல்லாத வீட்டில் தனிமை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கும் அப்படி ஒரு தலைப்பைத்தான் கொடுத்தார்கள். ஆனால் நான் தலைமையாசிரியரிடம் போய், "ஐயா, எனக்கு வேறொரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது" என்று கேட்டு, இந்தத் தலைப்பை வாங்கிக் கொண்டேன். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் கோவிட்-19 பெருந்தொற்று நம்மையெல்லாம் வீட்டுக்குள் அடைத்து வைத்ததே, அந்த நாட்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"அது முடிஞ்சு போன கதைதானே சார், இப்ப எதுக்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நோய் அடங்கியது உண்மைதான். 2023 மே 5ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தும் விட்டது. ஆனால் அந்த நாட்களில் நான் செய்த தவறு ஒன்று என் மனத்தில் இன்னும் முடியாமல் கிடக்கிறது. தவறு செய்த மாணவனை எழுந்து நின்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறவன் நான். நானும் ஒரு நாள் எழுந்து நிற்க வேண்டும் அல்லவா? அதற்கு இதைவிடப் பொருத்தமான சபை எனக்குக் கிடைக்காது.

கதவு சாத்திய நாள்

2020 மார்ச் 16ஆம் நாள் இரவு தொலைக்காட்சியில் பிரதமர் பேசினார். மார்ச் 18 முதல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்றார். அப்போது முதல் தவணை விடுமுறை தொடங்கியிருந்த நேரம். ஒரு வார விடுமுறைதானே என்று பிள்ளைகள் புத்தகங்களை மேசைக்கு அடியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கரும்பலகையில் மார்ச் 13, வெள்ளிக்கிழமை என்று நான் எழுதிய தேதி அழிக்கப்படாமல் இருந்தது. ஜூலை மாதத்தில் பள்ளி திறந்து நான் வகுப்புக்குள் நுழைந்தபோதும் அதே தேதி என்னைப் பார்த்துக் கொண்டிருந்தது.

அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும் சாமான் வாங்கப் போகலாம். அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள். சாலையில் போலீசும் ராணுவமும் தடுப்பு வைத்து நின்றார்கள். கோயில் கதவுகளும் சாத்தப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் வந்த தீபாவளியை உறவினர் வருகையில்லாமல், வீட்டுக்குள்ளேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்துக் கொண்டோம். நவம்பர் 9ஆம் நாள் பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. 2021 மார்ச்சில் திறந்தன. மே மாதத்தில் திரும்பவும் மூடினார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதி வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2020இல் ரத்தானது. 2021இல் அந்தத் தேர்வே எடுக்கப்பட்டு விட்டது.

இவையெல்லாம் எல்லார்க்கும் பொதுவான செய்திகள். நோயும் ஒன்று, சட்டமும் ஒன்று, வானொலியில் வந்த அறிவிப்பும் ஒன்று. ஆகவே எல்லாரும் ஒரே துன்பத்தைத்தான் அனுபவிக்கிறோம் என்று நான் நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அப்படியே எழுதியும் அனுப்பினேன். "நாம் அனைவரும் ஒரே நிலையில்தான் இருக்கிறோம், பொறுமை காப்போம்" என்று எழுதினேன். இன்று அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் வீடும் உங்கள் வீடும்

நான் அரசாங்கச் சம்பளக்காரன். பள்ளி திறந்தாலும் மூடினாலும் மாதம் தவறாமல் என் கணக்கில் சம்பளம் ஏறியது. தாமானில் மூன்று அறை வீடு. இணைய இணைப்பு உண்டு, கணினி உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்த ஓர் அறையும் உண்டு. 'வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்' என்று சொன்னார்கள். எனக்கு அது சுலபமான காரியம். வெளியே போக முடியவில்லையே, நண்பர்களைப் பார்க்க முடியவில்லையே, சலிப்பாக இருக்கிறதே என்பதுதான் என்னுடைய பெரிய கஷ்டம்.

இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோரின் நிலை என்ன? செம்பனைத் தோட்டமும் எண்ணெய் ஆலையும் அத்தியாவசியத் துறை என்று சொல்லி வேலை நடக்க அனுமதித்தார்கள். ஆகவே நாடு வீட்டுக்குள் இருந்தபோது நீங்கள் வெளியே இருந்தீர்கள். லாரி ஓட்டியவர்கள், ஆலையில் நின்றவர்கள், இரவுக் காவல் பார்த்தவர்கள் எல்லாரும் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். இந்தத் தோட்டத்திலிருந்து பட்டணத்துத் தொழிற்சாலைக்கும் ஓட்டலுக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கோ வேறு கதை. ஓவர்டைம் நின்றது, பலருக்கு வேலையே நின்றது. நாள் கூலிக்காரனுக்கு நாள் போனால் கூலி போனது.

அரசாங்கம் உதவவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி கொடுத்தார்கள். ஏப்ரலில் ஆயிரம், மே மாதத்தில் அறுநூறு. அந்தப் பணம் வந்த அன்று இந்தத் தோட்டத்தில் எத்தனை வீட்டில் கடைப் பாக்கி அடைந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் பணத்தால் தீராத ஒன்றும் இருந்தது. பள்ளி மூடியதும் காலையில் பிள்ளைகளுக்குக் கிடைத்த உணவும் நின்று போயிற்று. சிற்றுண்டிச் சாலையில் காலை வேளையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அதுதான் அன்றைய நல்ல சாப்பாடு என்பது, பள்ளி மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கண் முன்னால் தினமும் நடந்ததை நான் பார்க்கவில்லை பாருங்கள்!

பதினேழு நாட்கள்

இனி என் தவறுக்கு வருகிறேன்.

2021 ஜனவரி 20ஆம் நாள் புதிய கல்வியாண்டு வீட்டிலிருந்தபடியே தொடங்கியது. நான் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியர். காலை எட்டு மணிக்குக் கணினியைத் திறந்து உட்காருவேன். வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். திரையில் தெரிந்தவை ஏழு முகங்கள். சில நாள் ஐந்து. கல்வி அமைச்சு 2020இல் எடுத்த ஆய்வில், மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் படிப்பதற்கு எந்தக் கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. அந்தச் செய்தியை நானும் பத்திரிகையில் படித்தவன்தான். "ஐயோ பாவம், சபா, சரவாக் உட்புறத்தில் இருக்கும் பிள்ளைகள்" என்று இரக்கப்பட்டேனே தவிர, என் பதிவேட்டில் உள்ள பெயர்களோடு அதை ஒட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மாணவன் ஒரு நாள்கூடத் திரையில் வரவில்லை. முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாம் வாரம் அவன் தந்தைக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. நான்காம் வாரத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்றோர் அனைவரும் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில், அந்த மாணவனின் பெயரைப் போட்டு, "பதினேழு நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. பெற்றோர் கொஞ்சம் அக்கறை காட்டினால் நல்லது" என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எண்ணிக் கொண்டேன்.

அன்று இரவு பத்து மணிக்கு அந்த மாணவனின் தாயாரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவர் பேசியதை அவர் பேசியபடியே சொல்கிறேன்.

"சார், வணக்கம் சார். இந்த நேரத்துல அனுப்புறதுக்கு மன்னிச்சிக்குங்க. வீட்டுல போன் ஒண்ணுதான் சார் இருக்கு. அவங்கப்பா லாரிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுறாரு. மில்லுல இருந்து கூப்பிடுவாங்க, அதனால விட்டுட்டுப் போக முடியாது. அவரு வர்றதுக்கு ராத்திரி ஏழு, ஏழரை ஆயிடுது. அதுக்கப்புறந்தான் புள்ள போன எடுக்குது. வீட்டுக்குள்ள லைன் கெடைக்காது, கோயில்கிட்ட போனாத்தான் கெடைக்கும். டாப்அப் போட்டாலும் ரெண்டு நாளுல முடிஞ்சிடுது. ஆனா நீங்க போடுற பாடத்தையெல்லாம் எழுதிக்கிட்டுத்தான் சார் இருக்கான். நாங்க அக்கறை இல்லாதவங்க இல்ல சார்."

அவ்வளவுதான். அதில் ஒரு கோபச் சொல் கிடையாது. அந்தக் கடைசி வாக்கியம் என்னை அன்றிரவு தூங்க விடவில்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, பயிற்சித் தாள்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனேன். என் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். பத்து மாதமாக நான் போகாத ஏழு கிலோமீட்டர் அது! கோயில் வாசலில் நின்று பிள்ளைகளுக்குத் தாள்களைக் கொடுத்தேன். அந்த மாணவனும் வந்தான். என் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினான்.

திறந்து பார்த்தேன். கைப்பேசியில் நான் அனுப்பிய கேள்வி ஒவ்வொன்றையும் கையால் எழுதி, அதற்குக் கீழே விடையும் எழுதியிருந்தான். கோயில் திண்ணையில், அந்த ஒற்றை விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில் உட்கார்ந்து எழுதிய எழுத்து அது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி போட்டிருந்தான். எண்ணிப் பார்த்தேன். பதினேழு தேதிகளும் இருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை.

பெரியோர்களே! என் பதிவேட்டில் பதினேழு 'வரவில்லை'. அவன் நோட்டில் பதினேழு நாள் வருகை. இரண்டில் எது உண்மையான பதிவேடு? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணினியைத் தட்டிய என்னைவிட, இருட்டில் கோயிலுக்கு நடந்து போன அந்தப் பிள்ளை அல்லவா பள்ளிக்கு வந்தவன்?

தனிமைக்கும் ஓர் அறை வேண்டும்

அத்தோடு என் பாடம் முடியவில்லை. 2021 ஆகஸ்ட் மாதம் எல்லாருக்கும் நினைவிருக்கும். நாட்டில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் தொற்றுக் கண்ட மாதம் அது. எனக்கும் வந்தது. கையில் இளஞ்சிவப்பு வளையம் மாட்டிக்கொண்டு என் வீட்டு மாடி அறையில் இருந்தேன். மனைவி கதவடியில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார். ஜன்னல் வழியாக மரத்தைப் பார்ப்பேன். மகனின் குரலைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பேன். காய்ச்சலைவிடத் தனிமைதான் கொடுமை என்று நண்பர்களிடம் புலம்பினேன்.

அதே வாரம் இந்தத் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வந்தது. லயத்து வீடு, இரண்டு அறை, ஏழு பேர். முதலில் தகப்பனாருக்குத்தான் தொற்று. "தனிமைப்படுத்திக் கொள்ளுங்கள்" என்று சொன்னார்கள். எங்கே போவார்? வீட்டுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் துத்தநாகக் கொட்டகையில் ஒரு பலகையைப் போட்டுப் படுத்துக் கொண்டார். மழை பெய்த இரவில் சாரலுக்கு ஒதுங்கி உட்கார்ந்தே இருந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று அவர் பட்ட பாடு அது. ஆனாலும் சமையலறையும் குளியலறையும் ஒன்றுதானே! இந்தக் கிருமி மனிதர் விடும் மூச்சோடு காற்றில் கலந்து பரவுவது. காற்றோட்டம் குறைந்த சிறிய இடத்தில் பலர் நெருங்கி இருந்தால் அது ஒருவரோடு நிற்காது. ஐந்து நாளில் வீட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டது.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் கொடுமை என்று புலம்பிய தனிமை அவர்களுக்குக் கிடைக்காத கொடுப்பினை! ஒதுங்கியிரு என்று சொல்லுவது எளிது. ஒதுங்குவதற்கு ஓர் அறை வேண்டும். அந்த அறையில் இருக்கும்போது அடுப்பெரிய ஒரு சம்பளம் வேண்டும். இரண்டும் இருப்பவனுக்குத்தான் தனிமை மருந்து. இல்லாதவனுக்கு அது நடக்க முடியாத கட்டளை.

இது நம் தோட்டத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் முதல், தங்கும் விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வெளியே வர முடியாமல் அடைபட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் இளைஞர்களும் ஏராளம். ஓர் அறையில் பலர் படுக்கும் அந்த விடுதிகளில்தான், அந்த ஆண்டு சிங்கப்பூரில் பதிவான தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி ஏற்பட்டது. நம் நாட்டிலும் 2020 நவம்பரில், கிள்ளான் வட்டாரத்துக் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்றுக் கண்டது. உலகத்துக்கெல்லாம் கையுறை செய்து கொடுத்த கைகள் அவை! நோய்க்கு ஏழை பணக்காரன் தெரியாது என்பார்கள். நோய்க்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வீட்டுக்குத் தெரியும், விடுதிக்குத் தெரியும்.

நம் முன்னோர்க்கும் இது புதிதல்ல. கப்பலில் வந்த நம் தாத்தா பாட்டிமார் பலரைப் பினாங்குக்கு அருகே உள்ள புலாவ் ஜெரஜாக் தீவில் இறக்கி, நோயில்லை என்று உறுதியான பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 1918ஆம் ஆண்டு உலகம் முழுவதும் பரவிய விஷக் காய்ச்சல் அக்டோபர் மாதத்தில் மலாயாவைத் தாக்கியபோது பல்லாயிரம் பேர் மாண்டார்கள்; தோட்டத்து லயங்களில் நெருங்கி வாழ்ந்த நம் மக்கள் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்புத் திறக்கப்பட்டது. சட்டத்தின் பேரில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு அங்கே வாழ்ந்தவர்கள் உண்டு. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். அதே சுங்கை பூலோவில் உள்ள மருத்துவமனைதான் 2020இல் கோவிட் நோயாளிகளைப் பார்த்த முக்கிய மருத்துவமனைகளில் ஒன்றாக விளங்கியது. காலம் மாறினாலும், பிரிந்திருப்பதன் வலி மாறவில்லை.

போர்வை

நான் சொன்ன அந்தக் குடும்பத்தில் ஒரு பாட்டி இருந்தார். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பால் வெட்டி, பிள்ளைகளை ஆளாக்கி, பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கைபிடித்து அழைத்து வந்தவர். மூச்சுத் திணறல் வந்ததும் ஆம்புலன்சை அழைத்தார்கள். முழுக்க உடை அணிந்த இருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட யாரும் ஏற முடியவில்லை. ஒன்பதாம் நாள் தாதி ஒருவர் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, பாட்டியின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார்கள். மறுநாள் செய்தி வந்தது. உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. வாய்க்கரிசி இல்லை, குளிப்பாட்டவில்லை, ஒப்பாரி வைக்க ஊர்ப் பெண்கள் வரவில்லை. தகப்பனார் ஒருவர் மட்டும், தம் காய்ச்சல் தேறிய உடம்போடு, தூர நின்று பார்த்துவிட்டு வந்தார். நம் நாட்டில் இந்த நோயால் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணிக்கையில் அவர் ஒருவர்; அந்த வீட்டில் அவர்தான் எல்லாம்.

அந்தப் பாட்டியின் பேத்தி எங்கள் பள்ளி மாணவி. பள்ளி மறுபடி திறந்ததும், நான் வழக்கம்போல் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். 'வீட்டில் இருந்த நாட்கள்' என்பது தலைப்பு. மற்றப் பிள்ளைகள் சமையல் கற்றதையும் செடி வளர்த்ததையும் எழுதினார்கள். அவள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். 'பாட்டி போர்வையை எடுத்துக்கிட்டுப் போகல.'

பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறாளே என்று சிவப்பு மையால் திருத்தப் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. அந்தப் பிள்ளை மாதக் கணக்கில் எதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று பாருங்கள்! ஆஸ்பத்திரியில் பாட்டிக்குக் குளிருமே என்பதுதான் அவள் துக்கம். அதைக் கேட்க அவளுக்கு யாரும் இருக்கவில்லை. வீட்டில் ஏழு பேர் இருந்தும் அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். தனிமை என்பது கதவுக்குள் அடைபடுவது மட்டுமன்று, கேட்பார் இல்லாமல் இருப்பதும் தனிமைதான்.

அன்று பாடத்தை நிறுத்திவிட்டேன். அவளை அருகில் உட்கார வைத்து, "பாட்டி எப்படிம்மா இருப்பாங்க, சொல்லு" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினாள். ஆசிரியப் பணியில் நான் செய்த நல்ல காரியங்களை எண்ணினால், அந்த ஒரு மணி நேரத்தை முதலில் எண்ணுவேன்.

ரசம்

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நன்றி மறந்தவன் ஆவேன். 2021 ஜூன் இறுதியில், உணவில்லாத வீட்டார் வாசலில் வெள்ளைக்கொடி கட்டும்படி நாட்டில் ஓர் இயக்கம் தொடங்கியது நினைவிருக்கும். நல்ல உள்ளங்கள் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தன. நம் தோட்டத்தில் ஒரு வீட்டிலும் வெள்ளைக்கொடி ஏறவில்லை. கஷ்டம் இல்லாததால் அன்று. கொடி கட்டக் கூச்சப்பட்டார்கள். ஆனால் கொடி கட்டாமலே ஒரு வீட்டுக் குழம்பு அடுத்த வீட்டுக்குப் போனது. கொல்லையில் இருந்த முருங்கையும் மரவள்ளியும் லயம் முழுவதற்கும் பொதுவாயின.

நான் காய்ச்சலில் கிடக்கும் செய்தி இங்கே எட்டியிருக்கிறது. ஒரு நாள் என் வீட்டு வாசல் இரும்புக் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே ஒரு தூக்கில் மிளகு ரசம். ஒரு கட்டு முருங்கைக் கீரை. யார் வைத்தது என்று விசாரித்தேன். நான் குழுவில் பெயர் போட்டு அவமானப்படுத்தினேனே, அந்தத் தாயார்தான் கணவரின் லாரியில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

சம்பளம் தவறாமல் வாங்கியவனுக்கு, டாப்அப் போடக் காசில்லாதவர் வீட்டிலிருந்து ரசம் வந்தது. இதற்கு மேல் எனக்கு யார் பாடம் நடத்த வேண்டும்?

நாம் செய்யக்கூடியவை

ஆகவே பெரியோர்களே, இந்த அனுபவத்திலிருந்து நான் எனக்கே விதித்துக்கொண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது ஆசிரியர்களுக்கு. ஒரு பிள்ளை வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுதும் முன், ஏன் வரவில்லை என்று கேட்போம். கைப்பேசியில் கேட்டால் போதாது. ஒரு தடவையாவது வீட்டுப் படியேறிக் கேட்போம். எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார முடிவது எங்கள் திறமையால் அன்று, எங்கள் வசதியால் என்பதை மறவாதிருப்போம். வசதி என்பது செருப்பைப் போன்றது. போட்டிருப்பவனுக்கு அது நினைவிலேயே இருக்காது. வெறுங்காலால் நடக்கிறவனுக்குத்தான் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

இரண்டாவது பெற்றோர்களுக்கு. உங்கள் கஷ்டத்தை எங்களிடம் சொல்லுங்கள். "சார் கிட்டப் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்றது" என்று நினைக்காதீர்கள். போன் இல்லை, பணம் இல்லை, வீட்டில் இடமில்லை என்பது அவமானம் அன்று. சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்? இனியும் எங்களில் ஒருவர் அவசரப்பட்டு ஒரு சொல் சொல்லிவிட்டால், அந்தத் தாயாரைப் போல நேராகச் சொல்லித் திருத்துங்கள்.

மூன்றாவது முன்னாள் மாணவர்களுக்கும் வசதி படைத்த அன்பர்களுக்கும். இந்தத் தோட்டத்துப் பொது மண்டபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, நல்ல விளக்கு, நான்கு மேசை, இணைய இணைப்பு ஆகியவற்றோடு பிள்ளைகள் இரவில் அமர்ந்து படிக்க ஓர் இடம் அமைத்துத் தர வேண்டுகிறேன். இன்னொரு நோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண நாளிலும் எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மூலை கிடையாது. என் பங்காக ஒரு மேசைக்கும் நாற்காலிக்கும் உரிய பணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளரிடம் இன்று கொடுத்திருக்கிறேன்.

நான்காவது மாணவச் செல்வங்களுக்கு. இன்று சிலர் மேடையேறிப் பரிசு வாங்கப் போகிறீர்கள். முழு வருகைக்கும் பரிசு உண்டு. மனமாரப் பாராட்டுகிறேன். நன்றாகப் படித்தீர்கள், தவறாமல் வந்தீர்கள், பரிசு உங்களுக்கே உரியது. ஆனால் மேடையிலிருந்து இறங்கியதும், பக்கத்து நாற்காலியில் வெறுங்கையோடு இருக்கும் நண்பனைப் பாருங்கள். அவன் எங்கிருந்து, எதைத் தாண்டி வந்தான் என்று அவனிடம் கேளுங்கள். உங்களுக்கு ஒரு போர்வை அதிகமாக இருந்தால், இல்லாதவன் யார் என்று தேடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. கோயில் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய அந்த மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். அவன் தம்பி எங்கள் பள்ளியில் இருக்கிறான். தாயும் தகப்பனும் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பலர் முன்னால் பெயரைச் சொன்னதே போதும். அன்று குழுவில் எழுதியதை மறுநாளே நீக்கிவிட்டேன். அவர்களைத் தனியே பார்த்து மன்னிப்பும் கேட்டுவிட்டேன். "அதெல்லாம் என்னங்க சார், விடுங்க" என்று சிரித்தார்கள். ஆனால் பலர் அறியச் செய்த தவறுக்குப் பலர் அறியவே மன்னிப்புக் கேட்பதுதான் முறை. அம்மா, ஐயா, நீங்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். அக்கறை இல்லாமல் இருந்தவன் நான். என்னை மன்னித்துக் கொள்ளுங்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தை அவனிடம் கேட்டு வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தினமும் காலையில் பெயர் கூப்பிடும் முன் ஒரு தடவை அதைப் பார்த்துக் கொள்கிறேன்.